தள்ளுபடியான வரைபடம்

திருவாலங்காடு

தம்பி,

எழும்பூர் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தினுள் அமர்ந்து நீ தீட்டியனுப்பிய சித்திரம் கிடைத்தது. நீல விதானத்தில் மனத்தைப் பறிகொடுத்த நீ, அதனைத் தாங்கி வட்டமாக நிற்கும் 16 தூண்களைக் கைபோன போக்கில் நிறுத்திவிட்டாய். வர்ணத்துக்கு முன் கணக்கு வேண்டும் என்பதற்கு அவ்வாலயமே சாட்சி.

லண்டன் ஸெயின்ட் மார்ட்டின் ஆலயத்துக்காக ஜேம்ஸ் கிப்ஸ் முதலில் வட்ட மண்டபம் ஒன்றை வரைந்தார். செலவு மிகுதியென்று அது தள்ளுபடியாயிற்று. அவரோ அந்தப் படத்தைக் கிழித்தெறியாமல், 1728-இல் தம் நூலில் அச்சிட்டு வைத்தார். சுமார் 90 ஆண்டுகளுக்குப் பின், சென்னை ராணுவப் பொறியாளர் தாமஸ் டி ஹாவிலண்டு 1818-இல் தொடங்கி 1821-இல் முடித்த எழும்பூர் ஆலயத்தில் அதன் சாயல் உயிர்பெற்றது. எனினும் லண்டன் தாள் எழும்பூரின் இளகிய மண்ணை அறியாதாகையால், உறைகிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் அஸ்திவாரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

டச்சுக்காரர் நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வாழ்ந்த காலத்தில், அவர்கள் தாய்நாட்டில், வர்ணத்துக்கு முன் கணக்குப் பார்த்த பீட்டர் சான்ரெடாம் என்னும் ஓவியர் இருந்தார். 1636-இல் உட்ரெக்ட் நகரத்து ஆலயங்களுக்குள் அமர்ந்து, கண்டதைக் கண்டபடி வரைந்து, தேதியும் குறித்துக்கொண்டார். பின்னர் அளவுகளைக் கொண்டு வேறொரு தாளில் திருத்தமாக வரைந்து, அதன் பின்புறத்தில் கரி தடவி, கோடுகளை அழுத்திப் பலகையில் பதித்து, அதன் பிறகே, சில வேளை பல்லாண்டுகள் கழித்து, வர்ணம் தீட்டுவார். அங்கே அவர் வரைந்த மரியன்னை ஆலயம் பின்னாளில் இடிக்கப்பட்டது. அதன் உள்ளழகை இன்று நாம் அறிவது பெரும்பாலும் அவர் சிரத்தையினால்தான்.

ஆகவே, முதலில் தரைப்படம் போடு. வட்டத்தைப் 16 சம பாகமாக்கினால் பாகத்துக்கு இருபத்திரண்டரைப் பாகை. அனுமதி பெற்று, அளவுநாடாவால் நேரில் சரிபார். அடுத்து, கட்டடத்தை நடுவே அறுத்தாற்போன்ற வெட்டுத்தோற்றம் வரைந்தால், விதானத்தின் பாரம் தூண்வழியே தரைக்கு இறங்குவது விளங்கும். கடைசியாக, நீ நிற்குமிடத்தைத் தரைப்படத்தில் புள்ளியிட்டு, எந்தத் தூண் எதை மறைக்கிறதென்று கோடிழுத்துப் பார். கண் ஊகிப்பதைக் கோடு ருசுப்படுத்தும், அல்லது மறுக்கும். இரண்டும் உனக்கு லாபமே.

பிழையென்று தோன்றும் தாளையும் தேதியிட்டு வைத்துக்கொள். அடுத்த தபாலில் தரைப்படம் மட்டும் வரட்டும்; வர்ணப் பெட்டி சற்றே ஓய்வெடுக்கட்டும்.