முரசும் விசைப்பலகையும்

ஜப்பானியர் முரசைத் ‘தைக்கோ’ என்பர். காசு இட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களுக்கென நாம்கோ நிறுவனம் 2001ஆம் ஆண்டில் ஒரு முரசு விளையாட்டை வெளியிட்டது. அதன் பெயர் ‘தைக்கோ நோ தத்சுஜின்’. ‘முரசில் வல்லவர்’ என்பது பொருள்.

திரையில் வண்ணக் குறிகள் வலமிருந்து இடமாக நகரும். சிவப்புக் குறிக்கு முரசின் முகத்தை அடித்தல் வேண்டும், அவ்வொலி ‘டொன்’. நீலக் குறிக்கு விளிம்பை அடித்தல் வேண்டும், அவ்வொலி ‘கா’. இடப்புற வட்டத்தோடு குறி பொருந்தும் கணமே அடிக்கும் கணம்.

வீட்டுக் கணினியில் நான்கு விசைகளே முரசாகும். நடுவிரண்டு முகம், ஓரமிரண்டு விளிம்பு. சில கணினிகளில் ஒலி சற்றுப் பிந்தி வரும். அதைக் கேட்டு அடித்தால் அடியும் பிந்தும். ஆகவே, அத்தாமதத்தை முதலில் சரிசெய்தல் வேண்டும்.

விரைந்து அடிப்பவர் வல்லவர் அல்லர்; காலம் தவறாது அடிப்பவரே வல்லவர். ‘டொன் டொன் கா’ என முதலில் வாயால் சொல்லிப் பழகுக. மிருதங்கம் பயில்வோரும் சொற்கட்டை அவ்வாறே சொல்லிப் பழகுவர். நாவில் நின்ற தாளம் விரலுக்கு எளிதில் வரும்.

பொருள் அறிக
விளிம்பு – ஓரம்
கணம் – மிகச் சிறிய பொழுது

விடை எழுதுக
1. ‘டொன்’, ‘கா’ ஒலிகள் முரசின் எப்பகுதிகளில் பிறக்கின்றன?
2. ஒலி பிந்தினால் அடியும் பிந்துவது ஏன்?
3. நீ அறிந்த தாளம் ஒன்றை வாயால் சொல்லி, அதனை எழுதுக.