இரத்தம் உறையாப் பிள்ளையும் விளையாட்டும்



சில பிள்ளைகளுக்குக் காயம் பட்டால் இரத்தம் எளிதில் நிற்பதில்லை. ஹீமோஃபீலியா என்று டாக்டர்கள் இதனைச் சொல்லுகிறார்கள். அத்தகைய பிள்ளையை விளையாட விடலாமா, கூடாதா என்பதே இப்பாடத்தின் விஷயம். நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். மதரஸாவும் ஆரம்பப் பள்ளிக்கூடமுமே என் படிப்பு. ஆயினும் என் தங்கை மகன் எங்கள் வீட்டில் வளருகிறான். அவன் பொருட்டு டாக்டர்களிடம் கேட்டறிந்ததையும் நாங்கள் பட்டறிந்ததையும் எழுதுகிறேன்.

நோய் இன்னதென்பது

இது புதிய வியாதியன்று. குர்துபாவில் வாழ்ந்த வைத்திய மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பே, காயம் பட்டால் இரத்தம் நிற்காமல் இறந்துபோன ஆண்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

லாரியிலிருந்து மூட்டை இறக்கும் ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றுவதை நாம் பார்க்கிறோம். நடுவில் ஓர் ஆள் இல்லாவிட்டால் மூட்டை அங்கேயே நின்றுவிடும். இரத்தம் உறைவதும் இவ்வாறே. உறையச் செய்யும் சத்துகளில் எட்டாவது குறைந்தால் ஏ வகை. ஒன்பதாவது குறைந்தால் பி வகை. ஏ வகை சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு உண்டு. பெரும்பாலும் தாய் வழியாக வரும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேருக்கு, குடும்பத்தில் எவருக்கும் இல்லாமலே தோன்றும். ஆகவே தாயைக் குறைகூறுதல் தகாது. இத்தகைய பிள்ளைக்குச் சுன்னத்தும் டாக்டரிடம் முன்கூட்டிச் சொல்லி ஆஸ்பத்திரியிலேயே செய்விக்க வேண்டும்.

இப்பிள்ளைக்கு இரத்தம் வேகமாக ஓடுவதில்லை, நெடுநேரம் கசிகிறது. தோலில் படும் சிறு கீறலைவிட முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள்ளே கசிவதே அதிகக் கெடுதல்.

நான் செய்த பிழை

ஏழு வயதில் பையனுக்கு முழங்கால் வீங்கியது. அன்று முதல் அவனை அஞ்சடியில்கூட ஓடவிடாமல், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். இரண்டு வருஷத்தில் தொடை மெலிந்தது. வீக்கமோ குறையவில்லை, மாடிப்படி ஏறினாலே வந்தது. ஒருநாள் வீங்கிய காலைக் கைலிக்குள் மறைத்து வைத்திருந்தான். காரணம் கேட்டேன். "சொன்னா வீட்டுக்குள்ளேயே படுக்கப் போட்டுடுவீங்க மாமா" என்றான். அச்சொல் என் நெஞ்சைச் சுட்டது.

டாக்டர் எனக்கு விளக்கினார்: "மூட்டைத் தாங்குவது தசை. உட்கார வைத்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டு தளரும். தளர்ந்த மூட்டில் இரத்தம் எளிதில் கசியும்."

எவ்விளையாட்டு ஆகும்?

1. நீச்சலும் நடையும் மிக நல்லவை. தசை வலுப்படும், அடி படுவது அரிது.

2. சைக்கிள், ஓட்டம், பூப்பந்து, கால்பந்து ஆகியவற்றை டாக்டரைக் கேட்டே ஆடவேண்டும். நோயின் கடுமையும் மூட்டின் நிலையும் ஆளுக்கு ஆள் வேறு.

3. குத்துச்சண்டை, மல்யுத்தம், ரக்பி ஆகியன கூடவே கூடா.

இங்கிலாந்துச் சைக்கிள் வீரர் அலெக்ஸ் டௌசெட்டுக்குக் கடுமையான ஏ வகை. சிறுவயதில் நீந்திப் பழகியவர். 2015 மே மாதம் மான்செஸ்டரில் ஒரு மணி நேரத்தில் 52.937 கிலோமீட்டர் ஓட்டி, அன்றைய உலக சாதனையை முறியடித்தார்.

கைக்கொள்ள வேண்டியவை

குறைந்த சத்தை ஊசி மூலம் ஏற்றுகிறவர்கள், விளையாடும் நாளில் காலையிலேயே ஏற்றிக்கொள்வது நலம்; நேரம் செல்லச் செல்ல அதன் பலம் குறையும். ஏ வகைக்குத் தோலுக்கடியில் போடும் எமிசிஸுமாப் என்னும் மருந்தும் இப்பொழுது உண்டு. அதைப் போட்டுக்கொண்டாலும் பலத்த அடிக்குத் தனிச் சிகிச்சை வேண்டும்.

சைக்கிளுக்குத் தலைக்கவசம் அவசியம். பள்ளிக்கூட ஆசிரியரிடம் நோயின் பெயரையும் ஆஸ்பத்திரியின் டெலிபோன் எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

மூட்டில் கூச்சமோ சூடோ தோன்றினால், வீக்கம் வருமுன்னரே விளையாட்டை நிறுத்தவேண்டும். டாக்டர் சொல்லியபடி சத்தை உடனே ஏற்றி, மூட்டுக்கு ஓய்வு கொடுத்து, துணி சுற்றிய ஐஸ் வைத்து, கட்டுப்போட்டுக் காலை உயர்த்தி வைக்கவேண்டும். வலிக்கென்று ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. அது இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். தலையில் அடிபட்டால், பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் காத்திராமல் சத்தை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், பிள்ளை வலியைச் சொன்னால் ஏசாதீர்கள். ஏசினால் மறைப்பான், மறைத்தால் மூட்டு கெடும்.

என் மருமகன் இப்பொழுது வாரம் இரண்டு நாள் நீந்துகிறான். கூச்சம் கண்டால் தானே வந்து சொல்லுகிறான். இத்தகைய பிள்ளையுள்ள சகோதரர்கள் வெட்கப்படாமல் என்னிடம் வந்து பேசலாம். தொழுகை நேரம் தவிரக் கடையில்தான் இருப்பேன்.