குளத்துப் பாசியும் தோட்டத்து எருவும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில் நிலம் மேடும் பள்ளமுமாக அமைந்துள்ளது. சரிவின் மேற்புறத்தில் வாழையும் மரச்சீனியும் தென்னையும் பயிராகும் விளைகள். தாழ்விடத்தில் ஏலா எனப்படும் வயல்கள், அல்லது முன்பு வயலாக இருந்து இன்று வாழைத் தோட்டமாகிவிட்ட நிலங்கள். குளங்கள் பெரும்பாலும் இத்தாழ்விடத்தை ஒட்டியே காணப்படும். இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் பெய்யும் மழை, சாணச் சாற்றையும் சாம்பலையும் ரசாயன உரத்தின் ஒரு பகுதியையும் விளைகளிலிருந்து அடித்து வந்து குளத்தில் சேர்க்கிறது. மாசி, பங்குனி மாதங்களில் நீர் வற்றி வெயில் கடுமையாகும்போது, அச்சத்துக்களை உட்கொண்டு பாசி தடித்துப் படர்கிறது. ஆகவே, குளத்தில் மிதக்கும் பசுமையில் ஒரு பங்கு விவசாயி விலை கொடுத்து வாங்கி இழந்த உரமேயாகும். அதனை மீண்டும் விளைக்கு ஏற்றுவதே இங்குக் கூறப்படும் முறையின் நோக்கம்.

இவ்விடத்தில் ஒரு தவறான கருத்தை விலக்க வேண்டியுள்ளது. பாசி காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் என்று படித்தவர்களுள் சிலர், எந்தப் பாசியை எந்த நிலத்தில் இட்டாலும் தழைச்சத்து பெருகும் என எண்ணிவிடுகின்றனர். நெல்வயல்களின் வளம் குன்றாதிருப்பதற்கு நீலப்பச்சைப் பாசிகள் முக்கிய காரணம் என்பதை 1939ஆம் ஆண்டில் பி. கே. டே எடுத்துக்காட்டினார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர். என். சிங், உத்தரப் பிரதேசத்து உவர் நிலங்களைச் சீர்திருத்த இப்பாசிகள் உதவும் எனக் காட்டினார். ஆயினும் அங்கெல்லாம் பாசி உயிருடன் நீரிலோ ஈரமண்ணின் மேலோ வெயில் பட்டு வளர்கிறது. வாழைமூட்டில் புதைத்த பாசி வளர்வதில்லை, மடிந்து மக்குகிறது. மேலும், இப்பகுதியின் செம்மண்ணும் செம்புரை மண்ணும் அமிலத்தன்மை உடையவை. நீலப்பச்சைப் பாசிகளோ பொதுவாக நடுநிலையான அல்லது சற்றுக் காரமான மண்ணையே விரும்புவன. நூல்போன்ற பச்சைப் பாசிகளுக்கு நைட்ரஜனைச் சேர்க்கும் ஆற்றலே கிடையாது. தோட்டத்தில் பாசி ஒரு தழை எரு, அவ்வளவே.

பாசியை இனம் பிரித்து அறிவது எருவைக் காட்டிலும் முக்கியமானது. எல்லைப்புறத்தில் வழங்கும் 'பாயல்' என்னும் மலையாளச் சொல் பலவற்றையும் ஒருங்கே குறிக்கும். ஆப்பிரிக்கப் பாயல் எனப்படும் சால்வினியா பாசியன்று, மிதக்கும் பெரணி வகை. அதன் தாயகமும் ஆப்பிரிக்காவன்று, தென் அமெரிக்கா. ஒரு கோலை நீரில் விட்டுச் சுழற்றினால், நூற்பாசி பச்சை நூற்கற்றைபோல் அதில் சுற்றிக்கொண்டு வரும். எருவுக்கு உகந்தது அதுவே. பச்சை வர்ணத்தைக் கொட்டியதுபோல் பரவி, கோலில் சுற்றாமல் வழிந்து ஓடுவது மைக்ரோசிஸ்டிஸ் முதலிய நீலப்பச்சைப் பாசியாக இருக்கக்கூடும். அந்நீரைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து ஓரிரவு அசையாமல் வைத்தால், இவ்வகைப் பாசி பெரும்பாலும் மேலே வளையமாகத் திரளும். இவற்றுள் சில ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்குவன. கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. அத்தகைய குளத்தில் கால்நடைகளை நீர் அருந்த விடலாகாது. குழந்தைகளைக் குளிக்க விடலாகாது. அந்நீரைக் கீரைப் பாத்திகளுக்கு இறைத்தலும் கூடாது. கருமை கலந்து வழவழப்பாக, நாற்றத்துடன் கிடக்கும் படலங்கள் கோலில் சுற்றினும் அவற்றையும் விட்டுவிடுவதே நலம்.

நல்ல பாசியை நீண்ட பிடியுடைய வாரியால் கரைக்கு இழுத்து, சில நிமிடம் நீரின் விளிம்பிலேயே கிடத்தினால், சிக்கிய மீன்குஞ்சுகளும் தவளைக் குஞ்சுகளும் நீருக்குத் திரும்ப வழி கிடைக்கும். பின்னர் ஒருநாள் நீர் வடியவிட வேண்டும். பாசியை மட்டும் குவித்தால் அது களிபோல் ஒட்டிக்கொண்டு காற்றுப் புகாமல் அழுகி நாறும். தழைச்சத்தும் அம்மோனியாவாகப் பறந்துவிடும். ஆதலால் ஒரு கூடைப் பாசிக்கு இரண்டு மூன்று கூடை வாழைச் சருகு, பலா இலை, மாவிலை போன்ற காய்ந்த பொருள்களை அடுக்கி, இடையிடையே சாணக் கரைசலும் சிறிது மண்ணும் இட்டு, நிழலில் இடுப்பளவு உயரத்துக்குக் குவியல் அமைக்கலாம். சில நாட்களில் உட்புறம் கை பொறுக்காத அளவு சூடேறும். இரு வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் எரு பதமாகும். மழைநாளில் ஓலை மூடுவது அவசியம். இன்றேல் சத்து மறுபடியும் குளத்துக்கே போய்விடும். அமிலத்தை மாற்றவேண்டி இக்குவியலில் சுண்ணாம்பு சேர்க்கலாகாது, அதுவும் அம்மோனியாவை வெளியேற்றும். சுண்ணாம்பை நிலத்துக்குத் தனியே இடுவதே முறை.

இப்பகுதி மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வன. மக்கிய எரு அப்பிடியை ஓரளவு தளர்த்தும். ஆனால் வாழைக்குச் சாம்பல் சத்து மிகுதியாக வேண்டுமாதலால் இவ்வெரு ஒன்றே போதாது.

பள்ளியில் இதனைக் கற்பிக்க ஒரு தராசு போதும். நீர் வடிந்த பாசியில் ஒரு கிலோவை நிறுத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, மீண்டும் நிறுக்கச் செய்யலாம். பெரும்பாலும் நூறு கிராம் அளவே எஞ்சும். சில வேளைகளில் அதுவும் இராது. குளக்கரையிலேயே பாசியை வடியவிட்டுச் சுமப்பது ஏன் என்று மாணவர் பிறகு கேட்கமாட்டார்கள்.