ஏசி ஓடுகிறது, காற்று வரவில்லை

ஏசி என்பது குளிரைத் தயார் செய்யும் பெட்டி என்று நினைக்கிறோம். உண்மையில் அது அறையில் உள்ள சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. உள்ளே ஒரு காற்றாடி இருக்கிறது. அது அறைக் காற்றை இழுத்து, சில்லென்ற குழாய்களின் மேல் ஓடவிடுகிறது. குளிர்ந்த காற்று திரும்ப அறைக்கு வருகிறது. குழாய்களுக்கு முன்னால் ஒரு வலை உண்டு. அதுதான் பில்டர். தூசியைத் தடுப்பது அதன் வேலை.

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி. தமிழர்கள் பலர் அங்கே இட்லி வியாபாரம் செய்கிறார்கள். அப்படி ஒரு வீடு. கீழே இட்லி, வடை வேலை. மேலே ஓர் அறை. வீட்டு அக்கா இரவு இரண்டு மணிக்கே எழ வேண்டும். கிடைப்பது நாலு மணி நேரத் தூக்கம். அதற்காகத்தான் பழைய ஏசி ஒன்றை வாங்கி மாட்டினார்கள். அது ஒரு மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு காற்று நின்றுவிடும். அணைத்து வைத்து, மறுநாள் போட்டால் மறுபடியும் காற்று வரும்.

மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறக்கவில்லை. "கேஸ் தீர்ந்துபோச்சு அக்கா. நிரப்ப மூவாயிரம் ஆகும்" என்றார்.

மூவாயிரம் சும்மாவா? அக்கா பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் கேட்டார். அவர் மின்வேலை தெரிந்தவர்.

"காற்று நிக்கும்போது காற்றாடிச் சத்தமும் நிக்குதா?"

"இல்லை அண்ணாச்சி. சத்தம் கேக்குது. காற்றுதான் இல்லை. அணைச்ச பிறகு தண்ணியா ஒழுகுது."

"பில்டரை எப்போ கழுவுனீங்க?"

"அதைக் கழுவணுமா?"

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தார்கள். குழாய்கள் மேல் வெள்ளையாகப் பனிக்கட்டி! பில்டரில் வடைச் சட்டிப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு. அதன் மேல் தூசி. வலையில் ஓட்டையே தெரியவில்லை.

நடந்தது இதுதான். பில்டர் அடைத்தால் குழாய்களுக்குப் போதிய காற்று போகாது. குழாய் அளவுக்கு மீறிக் குளிரும். காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் பனிக்கட்டியாக உறையும். கட்டி வளர்ந்து காற்றின் வழியை மூடிவிடும். அணைத்து வைத்தால் உருகும். வழி திறக்கும். அதனால்தான் மறுநாள் காற்று வந்தது.

பனிக்கட்டி தானாக உருக வேண்டும். சில மணி நேரம் ஆகும். கத்தியால் குத்தவே கூடாது. குழாய் ஓட்டையானால் கேஸ் போய்விடும். புதிய ஏசிகள் பலவற்றில் இருப்பது தீப்பற்றக்கூடிய கேஸ். பில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டினார்கள். அன்று இரவு ஏசி நிற்காமல் ஓடியது. கேஸ் நிரப்பவில்லை. அடுப்புப் புகை வரும் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பில்டரைக் கழுவுவது நல்லது.

காற்றோடு காற்றாடிச் சத்தமும் நின்றால் அது வேறு கோளாறு. காற்றாடி மோட்டார் சூடாகி நின்றிருக்கலாம். ஆறியதும் மறுபடி சுற்றும். மோட்டாரோ, அதைச் சுற்றவைக்கும் கெப்பாசிட்டரோ கெட்டிருக்கலாம். இதில் நாம் கைவைக்கக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். தீய்ந்த வாடை வந்தாலோ, பிளக் சுட்டாலோ உடனே மெயினை அணையுங்கள்.

சில நேரம் கோளாறே இருக்காது. ரிமோட்டில் தண்ணீர்த்துளிப் படம் வந்திருக்கும். அந்த முறையில் காற்று விட்டு விட்டுத்தான் வரும். பனிப்பூ படம் வரும்வரை பொத்தானை அழுத்துங்கள்.

பில்டர் சுத்தம். ஆனாலும் பனிக்கட்டி பிடிக்கிறது. அப்போது கேஸ் குறைந்திருக்கலாம். ஆனால் அடுப்பு கேஸ் போல ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. அது குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அந்தக் கேஸும் போய்விடும். "எங்கே கசியுது, காட்டுங்க" என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் ரசீது வாங்குங்கள். கசிவை அடைத்ததாக அதில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.