ரத்தம் உறைவது எப்படி? – கண்ணாடிக் குழாய் சொல்லும் பாடம்

முழங்காலைச் சிராய்ச்சுக்காத ஆள் நம்ம ஸ்கூலில் யாரும் இருக்க மாட்டீங்க. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும், மறுநாள் பக்குக் கட்டிவிடும். இது எப்படி நடக்கிறது, நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன். காடு கரை என்று வேலை பார்க்கிற நம்ம ஊர் ஜனங்களுக்கு இது பரீட்சைக்கு மட்டும் உள்ள பாடம் இல்லை. அதனால் கடைசி வரை படிங்க.

மூன்று வேலைகள்

பெரிய ஆள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. காயம் பட்டதும் மூன்று வேலைகள் நடக்கும்.

1. அறுபட்ட ரத்தக்குழாய் சுருங்கும்.

2. இரத்தத் தட்டுகள் ஓடி வந்து ஓட்டையில் ஒட்டிக்கொண்டு அடைக்கும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் இவை ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும்.

3. அந்த அடைப்பின் மேல் ஃபைப்ரின் என்ற நூல்கள் வலை பின்னும். அந்த வலையில் ரத்த செல்கள் சிக்கி, கெட்டியாகிவிடும்.

மூன்றாவது வேலைதான் கொஞ்சம் கஷ்டம். புத்தகத்தில் இருக்கிறபடி, புரோத்ராம்பின் த்ராம்பினாக மாறுகிறது. த்ராம்பின், ஃபைப்ரினோஜனை ஃபைப்ரினாக மாற்றுகிறது. இதற்கு முன்னால் இன்னும் பல காரணிகள் வரிசையில் நிற்கின்றன. இவற்றுக்கு ரோமன் எண்கள்தான் பெயர். பெரும்பாலானவை கல்லீரலில் தயாராகின்றன. நாலாவது காரணி வேறு ஒன்றும் இல்லை, கால்சியம்தான். நம்ம சிமெண்ட் பேக்டரிக்கு வருகிற சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற அதே கால்சியம்!

எனக்கு இது சிவகாசி சரவெடி மாதிரி தெரிகிறது. ஒரு முனையில் பத்த வைத்தால் ஒன்று அடுத்ததைப் பத்த வைக்கும். நடுவில் திரி அறுந்தால் அதோடு நின்றுவிடும். எங்கே அறுகிறது என்பதைப் பொறுத்து நோயும் மாறும்.

சரம் எங்கே அறுகிறது?

ஹீமோஃபிலியா: 8-வது காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ, 9-வது குறைந்தால் பி. குறை எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும். சின்ன அடி பட்டால்கூட மூட்டுக்குள் ரத்தம் கசிந்து வீங்கிவிடும். இல்லாத காரணியை ஊசியாகப் போடுவார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர்கள், கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள 5 பேருக்கு மரபணு சிகிச்சை செய்து, அதன் பிறகு அவர்களுக்கு ரத்தக்கசிவு வரவில்லை என்று 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். நம்ம தமிழ்நாட்டில் நடந்தது இது!

டெங்கு: இதில் தட்டுகளின் எண்ணிக்கை குறைகிறது. அதனால்தான் காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் நாமாக வாங்கிப் போடக்கூடாது. அவை தட்டுகளை வேலை செய்ய விடாது.

வைட்டமின் கே குறைவு: 2, 7, 9, 10-வது காரணிகளைச் செய்ய கல்லீரலுக்கு இந்த வைட்டமின் வேண்டும். பிறந்த குழந்தைக்கு இது குறைவாக இருக்கும் என்பதால்தான் பிறந்தவுடனே ஒரு ஊசி போடுகிறார்கள்.

தேவையில்லாத இடத்தில் உறைவது: இது நேர் எதிர். இதயத்தின் ரத்தக்குழாயில் உறைந்து அடைத்தால் மாரடைப்பு. மூளையில் அடைத்தால் பக்கவாதம்.

விரியன் செய்கிற வேலை

நம்ம காட்டில் இருக்கிற கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் செய்வது விநோதமான வேலை. இவற்றின் விஷம் ரத்தத்தை உறைய விடாமல் தடுப்பதில்லை. முதலில் உறைய வைக்கிறது! கண்ணாடி விரியன் விஷம் 10-வது, 5-வது காரணிகளைத் தூண்டும். சுருட்டை விரியன் விஷம் புரோத்ராம்பினைத் தூண்டும். உடம்பெங்கும் ஒரே நேரத்தில் சரம் பற்றிக்கொள்ளும். கையிருப்பு ஃபைப்ரினோஜன் எல்லாம் வீணாகத் தீர்ந்துவிடும். வாங்கி வைத்த வெடி எல்லாம் தீபாவளிக்கு முதல் நாளே தீர்ந்த மாதிரி. அதற்குப் பிறகு உண்மையான காயம் இருந்தால் அடைக்கச் சரக்கு இல்லை. ஈறில், மூக்கில், சிறுநீரில்கூட ரத்தம் வரும்.

போன வருஷம் எங்க பெரியப்பா மக்காச்சோளத் தட்டையைப் படப்பில் அடுக்கிக்கொண்டிருந்தபோது கண்ணாடி விரியன் காலில் கடித்துவிட்டது. குக்கர் விசில் மாதிரி சீறிச்சு என்று சொன்னார். பக்கத்துக் காட்டுக்காரர், "பிளேடு வச்சுக் கீறி விட்டா விஷம் இறங்கிரும்" என்றார். பெரியம்மா, "கிட்ட வராதீங்கண்ணே, வண்டியை எடுங்க" என்று சொல்லிவிட்டார். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் 2 மில்லி ரத்தம் எடுத்து, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிஷம் நிறுத்தி வைத்தார். கண்ணாடிச் சுவர் பட்டாலே சரம் பற்றிக்கொள்ளும், நல்ல ரத்தம் 20 நிமிஷத்தில் கட்டியாகிவிடும் என்றார். குழாயைச் சாய்த்தார். பெரியப்பாவின் ரத்தம் தண்ணீராக ஓடியது.

உடனே விஷமுறிவு மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். 6 மணி நேரம் கழித்து மறுபடி குழாய். அப்போதும் உறையவில்லை. இன்னொரு முறை மருந்து. மூன்றாவது குழாய்தான் சாய்த்தும் நகரவில்லை. பெரியம்மா அப்போதுதான் உட்கார்ந்தார்.

ஏன் 6 மணி நேரம்? மருந்து விஷத்தை மட்டும்தான் முறிக்கும். தீர்ந்துபோன காரணிகளைக் கல்லீரல் புதிதாகச் செய்ய அவ்வளவு நேரம் ஆகும். இதில் இருந்து நான் புரிந்துகொண்டது: அன்றைக்குப் பிளேடு வைத்திருந்தால், உறையத் தெரியாத ரத்தம் அந்தக் கீறல் வழியாக நிற்காமல் போயிருக்கும்.

உங்களுக்குத் தெரியுமா?

* விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவது சென்னை அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்தில் இருந்து மருந்து செய்கிறார்கள். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

* லண்டனில் மேக்ஃபார்லேன் என்ற டாக்டர் 1934-ல் கண்ணாடி விரியன் விஷத்தையே மிகவும் நீர்க்கச் செய்து, ஹீமோஃபிலியா நோயாளியின் காயத்தின் மேல் வைத்து ரத்தத்தை நிறுத்தினார். 1964-ல் காரணிகள் ஒன்றை ஒன்று தூண்டும் வரிசையை விளக்கியவர்களில் அவரும் ஒருவர்.

* 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. தமிழக அரசு 2024 நவம்பரில், பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்தது.

வீட்டில் படித்துச் சொல்லுங்கள்

1. கடித்த இடத்தைக் கீறாதே, உறிஞ்சாதே, கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதே.

2. மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்று. வீக்கம் வந்தால் இறுக்கும்.

3. காலை ஆட்டாமல், ஆளை நடக்க விடாமல், 108-ஐக் கூப்பிடு. மந்திரிக்கப் போய் நேரத்தை விடாதே.

4. பாம்பைத் தேடி அடிக்கப் போகாதே. இரண்டாவது ஆளுக்கும் கடி விழும்.

5. ரத்தம் உறைந்துவிட்டது என்று ஒரே சோதனையோடு வீட்டுக்கு வராதே. விஷம் மெதுவாகவும் ஏறும், டாக்டர் திரும்பத் திரும்பப் பார்ப்பார். நல்ல பாம்பு, கட்டு விரியன் விஷம் நரம்பைத் தாக்கும். அதில் ரத்தம் நன்றாக உறைந்தாலும் கண் இமை செருகி மூச்சு நின்றுவிடும்.

மழை பெய்து காட்டு வேலை ஆரம்பித்தாச்சு. இதை உங்க அம்மா அப்பாவிடம் இன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிடுங்கள். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் கையில் டார்ச் லைட்டும் காலில் செருப்பும் கண்டிப்பாக இருக்கட்டும்.

– பதினோராம் வகுப்பு மாணவி, உயிரியல் பிரிவு, ஆலங்குளம்