காப்பு கட்டுவதற்கு முன்னால் போங்கள்

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் அர்ச்சகர், உபதேசியார், இமாம் பிள்ளைகளே, சாமி பெயரைச் சொல்லி நாலு பேரைக் கூட்ட உங்களால் முடியும். அந்தச் செல்வாக்கை நியாயத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று வந்து கேட்டீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. கூழ் வார்த்தலோ தீமிதியோ, காப்பு கட்டிய பிறகு யாரும் யார் பேச்சையும் கேட்க மாட்டார்கள். சாமி காலனிக்குள் வருமா, பள்ளிவாசல் முன்னால் மேளம் எப்போது ஓயும், ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கும் என்பதெல்லாம் ஆடித் திருவிழாவுக்குப் பங்குனியிலேயே பேசி முடிக்க வேண்டிய சங்கதி. விழுப்புரம் பக்கத்து மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தாயிற்று. ஐகோர்ட் சொல்லி மறு வருடம் மார்ச்சில் திறந்தபோதும் பூசாரி மட்டும்தான் உள்ளே போனார். அத்தனை நாள் அம்மனுக்கு விளக்கில்லை.

2. தாலுகா ஆபீஸில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிடுவார்கள். போய்ப் பாருங்கள்: ஊர்க்காரர்கள் நாற்காலியில் இருப்பார்கள், காலனிக்காரர்கள் சுவரோரம் நிற்பார்கள். டீ வரும். "ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கப்பா" என்பார் அதிகாரி. விட்டுக்கொடுக்க ஒரு பக்கத்திடம் எதுவுமே இருக்காது. வழக்கம்போல நடத்திக்கொள்ளலாம் என்று எழுதிய தாளை நீட்டி, சாமியாரே முதலில் கையெழுத்துப் போடட்டும் என்று உங்களைத்தான் பார்ப்பார்கள். நின்றவர்களுக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள். உங்களுக்கு நாற்காலி போட்டால் அதில் சுவரோரம் நிற்கும் வயதானவரை உட்கார வையுங்கள். அதற்கே பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும்.

3. உங்கள் பக்கத்துப் பையன் கல்லை எடுத்தால் குறுக்கே போக வேண்டிய முதல் ஆள் நீங்கள். எதிர்ப்பக்கத்துக்கு அகிம்சை போதிப்பது சுலபம்.

4. நிலக் கணக்கு தெரியாமல் இந்த ஜில்லாவில் நியாயம் பேச முடியாது. பட்டா, 'அ' பதிவேடு, வில்லங்கச் சான்று மூன்றையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நம் ஊர் பழைய செங்கல்பட்டு ஜில்லா. 1891-இல் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர் இங்குள்ள பறையர் மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். அதையொட்டி 1892-இல் வந்த அரசாணையில்தான் அவர்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நாளில் இந்த மக்களுக்கு நிலம் வேண்டும் என்று சர்க்காரிடம் வாதாடியவர்களில் செங்கல்பட்டு ஆண்ட்ரூ, திருவள்ளூர் கௌடி என்ற இரண்டு பாதிரிமார்களும் உண்டு. சபைக்கு ஆள் சேர்க்கும் ஆசையும் அவர்களுக்கு இருந்தது. அதை மறைப்பானேன்? ஆனால் அந்த ஆசையால் வந்த சந்தேகம் இன்றுவரை உங்களைத் தொடர்கிறது. அதனால் மனு எழுதிக் கொடுக்கும் இடத்தில் ஜெபத்துக்கு வா, பூஜைக்கு வா என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது.

அந்த நிலம் கைமாறியது ஊரறிந்த கதை. மீட்கப் போன காரணைக் கிராம மக்களின் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் உயிரிழந்தார்கள். ஒருவர் பெயர் கிறிஸ்தவப் பெயர், இன்னொருவர் பெயர் பெருமாள் பெயர். குண்டு மதம் பார்க்கவில்லை, நிலமும்தான்.

5. உண்டியலோ காணிக்கையோ ஜமாஅத் சந்தாவோ, மாதாமாதம் கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இதைச் சொல்ல உத்திரமேரூரை விட வேறு ஊர் வேண்டாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919-இலும் 921-இலும் வெட்டியவை. ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமல்ல, அவனுடைய உறவுமுறையாருக்கும் குடவோலைத் தேர்தலில் இடமில்லை என்கின்றன. அபார விதி! ஆனால் அந்தச் சபை சொந்த நிலமுள்ள பிராமணர்களின் சபை. சேரிக்காரன் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்தில் விழுந்ததே இல்லை. ஊர்ப் பெருமை பேசும்போது இரண்டையும் சேர்த்தே பேசுங்கள்.

6. தனியாகப் போகாதீர்கள். 1982-இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிய கலவரத்துக்குப் பிறகு குன்றக்குடி அடிகளார் கிறிஸ்தவ, முஸ்லிம் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டுதான் சமாதான வேலை செய்தார். திருவருட்பேரவை அப்படி வந்தது. இங்கே அவ்வளவு பெரிய அமைப்பு வேண்டாம். அர்ச்சகர் போனில் இமாம் நம்பர் இருக்கட்டும், இரண்டு பேரும் உபதேசியார் வீட்டுச் சாவுக்குப் போங்கள்.

7. நில விஷயத்தில் பெண்களிடம் கேளுங்கள். 1968-இல் கீழவெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு சர்வோதயத் தொண்டர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் கீழத்தஞ்சைக்குப் போனார். மிராசுதாரர் வீட்டு வாசலில் நின்று விலை பேசி வாங்கிய நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தார். புருஷன் சாராயத்துக்கு விற்க முடியாது பாருங்கள்.

8. இது மூத்தவர்களுக்கு. எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசு நடத்திய பயிற்சிப் பள்ளியில் படித்து முடித்த பிள்ளைகள் பல வருடம் வேலைக்குக் காத்திருந்தார்கள். 2021 ஆகஸ்டில்தான் அவர்களில் 24 பேருக்கு ஒருசேர ஆணை வந்தது. ஆணை வந்தாலும் ஊர் வீடு கொடுக்க வேண்டுமே. நியாயம் பேசிய மறுநாள் வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? உங்கள் திண்ணை அறை ஒன்று காலியாக இருந்தால் வெள்ளையடித்து வையுங்கள். வாடகை கேட்காதீர்கள்.