சபீஹ்: கத்தரிக்காயில் அவசரம் வேண்டாம்

பொரித்த கத்தரிக்காயையும் முட்டையையும் ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடும் சபீஹைச் செய்து பார்த்தவர்கள் என்னிடம் சொல்லும் குறை ஒன்றே ஒன்றுதான்: "கடித்தால் எண்ணெய் ஒழுகுது, உள்ளே ரப்பர் மாதிரி இருக்கு." முட்டையிலோ ரொட்டியிலோ யாரும் கோட்டைவிடுவதில்லை. சறுக்குவதெல்லாம் கத்தரிக்காயில்தான்.

இன்று இஸ்ரேலில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் இந்தப் பண்டத்தின் பிறந்த வீடு பாக்தாத். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமையே கத்தரிக்காயைப் பொரித்து வைத்துவிடுவார்கள். இரவெல்லாம் மெல்லிய சூட்டில் இருக்கும் கோழிச்சோற்றுப் பானையோடு முட்டையும் வெந்து பழுப்பேறும். காலையில் இரண்டும் பசியாறலுக்கு வரும். 1950-51இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஈராக் யூதர்கள் இஸ்ரேல் வந்தார்கள். டெல் அவிவை ஒட்டிய ரமத் கானில் பலர் குடியேற, அங்கேதான் அந்தக் காலைச் சாப்பாடு பீட்டா ரொட்டிக்குள் புகுந்து கடைக்கு வந்தது. பீட்டாவும் தஹினி எனும் எள் விழுதும் அந்த மண்ணின் அரபு மக்களுடையவை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆக, இது ஆறிய பிறகும் ருசிக்க வேண்டிய கத்தரிக்காய். அரைவேக்காட்டில் எடுத்தால் ஆறியதும் ரப்பராகிவிடும்.

நான்கு பேருக்குப் பெரிய கத்தரிக்காய் இரண்டு. நம் சின்னக் கத்தரிக்காய் சரிப்படாது. ஒரு விரல் கனத்துக்கு வட்டமாக வெட்டி, உப்புத் தூவி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு துணியால் அழுத்தித் துடையுங்கள். ஈரம் இருந்தால் தெறிக்கும். அதைவிட, எண்ணெயின் சூடும் இறங்கிவிடும். நல்லெண்ணெய் வேண்டாம், சூரியகாந்தி எண்ணெய் போதும். ஒரு துணுக்கைப் போட்டதும் சலசலத்து மேலே வந்தால்தான் எண்ணெய் தயார். மூன்று நான்கு வில்லைக்கு மேல் ஒரே ஈட்டில் போடாதீர்கள்.

எல்லோரும் பயப்படும் இடம் இனிதான். போட்ட கொஞ்ச நேரத்தில் கத்தரிக்காய் எண்ணெயைக் குடிக்கும். பொன்னிறம் வந்ததும் "போதும்" என்று கை எடுக்கப் போகும். எடுக்காதீர்கள். விட்டால்தான் அதன் பஞ்சு அமுங்கி, குடித்த எண்ணெயில் ஒரு பங்கைத் திரும்பக் கக்கும். கருப்பட்டி நிறம் வர வேண்டும். கரண்டியால் அமுக்கினால் எழும்பி வரக் கூடாது. எடுத்ததைத் தாளில் படுக்கவைக்காமல் சல்லடையில் சாய்த்து நிறுத்துங்கள். எண்ணெய் மிச்சம் பிடிக்க அவனில் சுடுகிறவர்கள் சுடட்டும். நான் சுட மாட்டேன்.

முட்டையை வெங்காயத் தோலோடு மிக மெல்லிய தீயில் ஐந்தாறு மணி நேரம் வைத்தால் பழைய ருசி. நேரமில்லையா, சாதாரணமாக அவித்த முட்டை போதும். வெள்ளரி, தக்காளியைப் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழியுங்கள்.

தஹினி அரை கப், எலுமிச்சைச் சாறு, ஒரு பல் பூண்டு, உப்பு. தண்ணீர் விட்டதும் கட்டிதட்டித் திரியும். கெட்டுவிட்டதென்று கொட்டியவர்கள் உண்டு! குளிர்ந்த நீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே இருங்கள். வெளுத்து, தோசை மாவுப் பதத்துக்கு வந்துவிடும்.

கடைசியாக ஆம்பா, மாங்காய் ஊறுகாய். பெயரே மராத்திச் சொல். பம்பாயில் வணிகம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாகப் போனது என்பார்கள். ஆவக்காயை வைத்து ஒப்பேற்றாதீர்கள், எண்ணெய்க்கு மேல் எண்ணெயாகிவிடும். மாங்காய்த் துண்டை உப்பு, மஞ்சளில் இரண்டு நாள் ஊறவைத்து, மிளகாய்த்தூள், கடுகு, வறுத்த வெந்தயத்தோடு அரைத்தால் போதும். வெந்தயம் தூக்கலாக இருக்கட்டும்.

பீட்டாவைச் சூடாக்கிப் பிளந்து, முதலில் தஹினி, பிறகு கத்தரிக்காய், முட்டை, சாலட், மேலே ஆம்பா. கத்தரிக்காய் மிஞ்சினால் சூடுபடுத்தாதீர்கள்; மறுநாள் காலை அப்படியே சாப்பிடுங்கள்.